கடல்கோளும் முன்னறிவிப்பும்

முளா ஆறும் முட்டா ஆறும் கூடும் இடத்தைப் புணே நகரத்தார் 'சங்கம்' என்று வழங்குகின்றனர். தமிழர் நாம் கூடும் இடத்திற்கும் அதுவே பெயராய் அமைந்தது ஓர் இனிய பொருத்தம். ஔந்தில் வாழும் நமக்கு முளா அண்டை வீட்டுக்காரி போன்றவள். சாங்வீக்கும் நம் குடியிருப்புகளுக்கும் இடையே, மழைக்காலம் தவிர மற்றக் காலங்களில், இருக்கும் இடம் தெரியாமல் ஓடுகிறாள். அவள் தங்கையாகிய முட்டா 1961ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள் இந்நகரின் நடுவே புகுந்து ஆடிய ஆட்டத்தை இவ்வூர் முதியோர் இன்றும் மறந்திலர். 'பான்ஷேத் வெள்ளத்துக்கு முன்', 'பான்ஷேத் வெள்ளத்துக்குப் பின்' என்று அவர்கள் காலத்தைப் பகுத்துப் பேசுவதை நம்மவர் பலரும் கேட்டிருப்பர்.

நகருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஆம்பி என்னும் சிற்றாற்றின் குறுக்கே எழுந்த மண் அணை அது. பணி முழுவதும் முற்றுப்பெறு முன்பே அவ்வாண்டு மழை நீர் அதனுள் நிறைந்தது. 11ஆம் நாள் அணையின் கரை அமிழத் தொடங்கிற்று. படைவீரர்கள் இரவெல்லாம் மழையில் நின்று மணல் மூட்டைகளை அடுக்கினர். அவர்களுடைய உழைப்பு அணையைக் காக்கவில்லை. ஆனால் சில மணி நேரத்தை ஈட்டித் தந்தது. நள்ளிரவில் உடைந்திருக்க வேண்டிய அணை பகலில் உடைந்தது. அவ்வெள்ளம் 1879இல் கட்டி முடிக்கப்பெற்ற பழைய கடக்வாஸ்லாக் கல்லணையை மோதி அதனையும் பிளந்துகொண்டு நகருக்குள் இறங்கியது. லக்டி புல் என்னும் பாலம் நீருள் மறைந்தது. ஆற்றோரப் பேட்டைகள் மூழ்கின. ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நகருக்குக் குடிநீர் அளித்து வந்ததும் கடக்வாஸ்லாவே ஆதலால், வெள்ளம் வடிந்த பின் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. வீடிழந்தோர்க்காக எழுந்த குடியிருப்புகளே இன்றைய கோகலே நகர் முதலியன.

இவ்வரலாற்றில் என் உள்ளத்தைத் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. அணை நலிகிறது என்பதை அறிந்தோர் 11ஆம் நாளே இருந்தனர். ஆற்றங்கரையில் அன்றிரவு உறங்கச் சென்றோருள் மிகப் பலருக்கு அது தெரியாது. அறிந்தவனுக்கும் கரையில் நிற்பவனுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர். ஓர் இரவு முழுவதும் கிடைத்தும் செய்தி அத்தொலைவைக் கடக்கவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, நாம் பிறந்த சோழ மண்டலக் கரையில் இதே குறை பன்மடங்கு பெரிதாய்த் தோன்றியது. அன்று நீர் வந்தது அணையிலிருந்து அன்று, கடலிலிருந்து. அந்த வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

கடல் நிலத்தை விழுங்குதல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. பஃறுளி ஆற்றையும் குமரிக் கோட்டையும் கடல் கொண்டது எனச் சிலப்பதிகாரம் கூறும். புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை உரைக்கும். இறையனார் களவியல் உரை தென்மதுரையும் கபாடபுரமும் கடலுள் மறைந்தன என்னும். இவற்றை எழுத்துக்கெழுத்து வரலாறாகக் கொள்ள ஆராய்ச்சியாளர் இசைவதில்லை, அது முறையே. ஆயினும் ஒரு மொழி 'கடல்கோள்' என்று தனிச் சொல்லே படைத்து வைத்துக்கொண்டிருக்கிறதென்றால், எக்காலத்திலோ எவரோ கண்ட ஒரு கொடுமை அதன் பின்னே நின்றிருக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. வருந்தத்தக்கது யாதெனில், அச்சொல் புலவர் ஏட்டில் தங்கிற்றேயன்றிப் பரதவர் குடிசையில் தங்கவில்லை. 2004ஆம் ஆண்டுக்கு முன் நாகையிலோ கடலூரிலோ மீன்பிடிக்கும் ஒருவரை நிறுத்தி, 'கடல் திடீரென உள்வாங்கினால் என்ன செய்வீர்?' என்று கேட்டிருந்தால் விடை சொல்லத் தெரிந்தவர் அரியராகவே இருந்திருப்பர்.

புயலைப் பற்றிக் கேட்டிருந்தாலோ நிலைமை வேறு. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதைக் கரையோரச் சிறுவனும் சொல்லுவான். இக்கூண்டு முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1864இல் கல்கத்தாவை ஒரு பெரும் புயல் சிதைத்தது. அதனை அடுத்து 1865இல் அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தொடங்கிற்று. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. அதன் தலைமையிடம் 1928இல் சிம்லாவிலிருந்து நம் புணேக்கு வந்தது. சிவாஜி நகரில் ஓங்கி நிற்கும் அக்கட்டடத்தை இவ்வூர் மக்கள் இன்றும் 'சிம்லா ஆபீஸ்' என்றே அழைக்கின்றனர். பேருந்து நிறுத்தத்திற்கும் அதுவே பெயர். தலைமையிடம் பிற்காலத்தில் தில்லிக்குப் பெயர்ந்துவிட்டதாயினும், ஒரு காலத்தில் புயலைப் பற்றிய அறிவு இந்நகரிலிருந்து நாடெங்கும் பரவியது. 1 முதல் 11 வரை எண்ணிட்ட கூண்டுகளின் பொருளை எழுத்தறியாதவனும் அறிந்திருந்தான். புயலுக்குக் கூண்டு இருந்தது. ஆழிப்பேரலைக்குக் கூண்டு இல்லை.

அது வந்ததே இல்லையா எனின், வந்திருக்கிறது. 1881ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. அதனால் எழுந்த அலைகளைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த அலையேற்ற அளவிகள் பதிவு செய்தன. அலைகள் சிறியன, கரையில் எவரும் பொருட்படுத்தவில்லை. 1883 ஆகத்து 27இல் கிரக்கதோவா எரிமலை வெடித்த போதும் நம் துறைமுகங்கள் சிலவற்றின் அளவிகள் அசைந்தன. 1945 நவம்பர் 28ஆம் நாள் விடியலில் மக்ரான் கரையை ஒட்டி நிலநடுக்கம் நேர்ந்தபோது, கராச்சியையும் கட்சுக் கரையையும் தாக்கிய அலை இந்த மராட்டிய நாட்டின் மும்பை வரை வந்து, படகுகளைக் கட்டுத்தறியிலிருந்து அறுத்துச் சென்றதோடு ஒரு சிலர் உயிரையும் குடித்தது. விடுமுறை நாள்களில் அலிபாகுக்கும் ஸ்ரீவர்தனுக்கும் குழந்தைகளோடு சென்று வரும் நம் குடும்பத்தார் இதனை அறிந்திருத்தல் நன்று. ஆனால் இச்செய்திகள் யாவும் அளவியின் தாளிலும் அறிஞரின் இதழிலும் அடங்கிக் கிடந்தன.

பசிபிக் பெருங்கடல் நாடுகள் வேறு வழியில் கற்றன. 1946 ஏப்பிரல் முதல் நாள் அலூசியத் தீவுகளில் நேர்ந்த நிலநடுக்கத்தின் அலை ஐந்து மணி நேரம் கடந்து சென்று அவாயித் தீவுகளில் 159 பேரைக் கொன்றது. ஐந்து மணி நேரம் இருந்தும் ஒருவரும் சொல்லவில்லையே என்னும் வருத்தத்தில் 1949இல் ஓனலூலு அருகே எச்சரிக்கை நிலையம் ஒன்று எழுந்தது. பதினோராண்டு கழித்து அதற்குச் சோதனை வந்தது. 1960 மே 22இல் சிலி நாட்டில், கருவிகள் பதிவு செய்த நிலநடுக்கங்களுள் எல்லாம் பெரியதாகிய 9.5 அளவு நடுக்கம் நேர்ந்தது. நிலையம் உரிய காலத்தில் எச்சரித்தது. ஈலோ நகரில் அலை வருவதற்குப் பல மணி நேரம் முன்பே சங்கு ஊதிற்று. எனினும் அந்நகரில் 61 பேர் மாண்டனர். சங்கின் பொருளைச் சிலர் வேறாகக் கொண்டனர். சிலர் அலை எப்படியிருக்கும் என்று பார்க்கக் கரைக்கே சென்றனர். முதலில் வந்த அலைகள் சிறியனவாயிருக்கக் கண்டு வீடு திரும்பியோரைப் பின் வந்த பேரலை வாரிச் சென்றது. கருவி தவறவில்லை, செய்தியும் தவறவில்லை. கேட்டவர் செவியில் நுழைந்த சொல் காலை அசைக்கவில்லை. இந்த ஈலோ நிகழ்ச்சியை நான் திரும்பத் திரும்ப எண்ணுவதுண்டு. எச்சரிக்கை என்பது ஊதுவோனிடத்தில் தொடங்கி, ஓடுவோனிடத்தில் முடியும் ஒரு நீண்ட கயிறு; அது எந்த முடிச்சிலும் அறலாம்.

இனி 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாளுக்கு வருவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, முழுமதி நாள், கிறித்துமசுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் திருவிழாக் கூட்டம் கலையவில்லை. இந்திய நேரம் காலை 6 மணி 29 நிமிடத்தில் சுமத்திராவின் வடமேற்கே கடலடி நிலம் பிளந்தது. அப்பிளவு வடக்கு நோக்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளம் கிழிந்து சென்றது. கடலடித் தளம் திடீரென உயர்ந்தால் மேலுள்ள நீர் முழுதும் உயர்ந்து, பின் சரிந்து, இருபுறமும் ஓடும். ஆழ்கடலில் அதன் உயரம் ஒரு முழத்தை ஒட்டியதே. மேலே செல்லும் கப்பல் அறியாது. விரைவோ மணிக்கு 600, 700 கிலோமீட்டர். கரையை அணுக அணுக வேகம் குன்றி, உயரம் ஓங்கும். அறிவியல் இவ்வளவே.

சென்னையில் அன்று விடியலில் பலர் கட்டில் ஆடுவதை உணர்ந்தனர். அடுக்கு மாடிகளில் குடியிருந்தோர் தெருவுக்கு ஓடி வந்தனர். பின் சிரித்துப் பேசி உள்ளே சென்றனர். நிலமே முதலில் சொல்லிற்று. அதன் மொழி நமக்குப் புரியவில்லை. அவாயி நிலையம் 15 நிமிடத்தில் ஓர் அறிக்கை விடுத்தது. நடுக்கத்தின் அளவை அது 8 என்று குறைத்தே மதிப்பிட்டது; பசிபிக் கரைகளுக்கு இடரில்லை என்றது. இந்துமாக்கடலில் அந்நாளில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை; யாருக்குச் சொல்வதென்ற முகவரியும் இல்லை. 8 மணிக்கு முன்பே கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்திலிருந்து, எங்கும் நீர், தீவு மூழ்குகிறது என்னும் பொருள்பட ஒரு செய்தி வந்து சேர்ந்ததாக விமானப்படைத் தலைவரே பின்னர்க் கூறினார். அச்செய்தி தாம்பரத்துக்குத் தெரியும், பட்டினப்பாக்கத்துக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடையே எத்தனை தொலைவு என்று சென்னையை அறிந்தவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. 9 மணியை நெருங்கிய வேளையில் நிலநடுக்கத்தைப் பற்றித் தில்லியில் அனுப்பப்பட்ட தொலைநகல் ஒன்று, பதவியிலிருந்த அமைச்சருக்கு மாறாக, அவருக்கு முன் அப்பதவி வகித்தவர் வீட்டுக்குச் சென்றது என அந்நாளைய நாளேடுகள் எழுதின.

9 மணியை ஒட்டி அலை நம் கரையை அடைந்தது. கடல் முதலில் உள்வாங்கிய இடங்களில், வெளிப்பட்ட மணலையும் பாறையையும் காண மக்கள் இறங்கி நடந்தனர். மாமல்லபுரத்தில் நீர் விலகியபோது கடலடிக் கற்கட்டுகள் புலப்பட்டன. தொல்லியல் துறையினர் பின்னர் அங்கே ஆராய்ந்தனர். மெரீனாவில் சிறுவர் பந்தாடிக் கொண்டிருந்தனர். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் படகு வரவுக்காகப் பெண்கள் கரையில் காத்திருந்தனர். நாகை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 6,000க்கு மேல். தமிழ்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 8,000. ஈழத்தில் 35,000க்கு மேல். உலகிலோ 14 நாடுகளில் ஏறத்தாழ 2 லட்சத்து 27 ஆயிரம். எண்ணிக்கையை எழுதும் போது கை நடுங்குகிறது; ஆயினும் வரலாறு எழுதுவோன் எழுதியே தீர வேண்டும்.

நடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே நம் கரைக்குக் கிடைத்த நேரம் இரண்டரை மணி. நடந்தே செல்லும் முதியவரும் ஒரு கல் தொலைவு உள்ளே போயிருக்கலாம். இன்னும் கொடியது ஒன்று உண்டு. அலை இலங்கையைச் சுற்றி வளைந்து மேற்குக் கரையைப் பிறகே அடைந்தது. கொல்லத்தை அடுத்த ஆலப்பாட்டில் பேரலை புகுந்தது நண்பகலை ஒட்டி. சென்னையும் நாகையும் அழிந்த செய்தி தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கிய பின்பும் அங்கே நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செய்தி நாடெங்கும் பரவியிருந்தது. அக்கரைக்கு மட்டும் கட்டளையாகப் போய்ச் சேரவில்லை.

இதற்கு மாறாகக் கென்ய நாட்டை நோக்குக. அலை அங்குச் செல்ல மேலும் பல மணி நேரம் பிடித்தது. கருவி ஏதும் அந்நாட்டில் இல்லை. செய்தியைக் கேட்ட அதிகாரிகள் காவலரை அனுப்பி மொம்பாசாக் கடற்கரைகளைக் காலி செய்தனர். அங்கே இறந்ததாகக் கணக்கில் வந்தவர் ஒருவர். அதன் அண்டை நாடான சோமாலியாவிலோ சற்றொப்ப 300 பேர்.

சுமத்திராவை ஒட்டிய சிமெயுலு என்னும் சிறு தீவின் செய்தி இன்னும் வியப்பானது. நடுக்கம் தோன்றிய இடத்திற்கு மிக அண்மையில் இருப்பது அது. அலை சில நிமிடங்களில் சென்றது. ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டோர் 7 பேர். 1907இல் அத்தீவு ஒரு பேரலையால் அழிந்தது. அதுமுதல் அம்மக்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் பெரிதாய் ஆடும், கடல் விலகும், குன்றேறு. பாட்டிமார் வாயில் இருந்த இந்த மூன்று சொற்றொடரே அன்று எச்சரிக்கை நிலையமாயிற்று. நம் கடல்கோளும் அவர்தம் ஸ்மோங்கும் ஒரே பொருள் தரும் இரு சொற்கள். அவர்கள் தொட்டிலில் வைத்தனர். நாம் உரையாசிரியரிடம் விட்டோம்.

தமிழர்க்குப் பெருமை தருவதோர் ஊரும் அன்று இருந்தது. புதுவையைச் சார்ந்த நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூர் அது. அவ்வூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 'கிராம அறிவு மையம்' ஒன்றை நடத்தி வந்தது. கடலலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்ற முன்கணிப்பை நாள்தோறும் பெற்று, ஒலிபெருக்கி வழியாகப் படகுக்காரர்க்குச் சொல்வது அம்மையத்தின் வழக்கம். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்து வந்தார். அன்று காலை அவர் தொலைக்காட்சியில் சுமத்திரா நடுக்கத்தைப் பற்றி அறிந்து, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் ஊருக்குள் ஏறுகிறது என்று தங்கை சொன்னாள். உடனே ஓடுங்கள், ஊராரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார் அவர். ஊரார் மையத்தின் கதவை உடைத்துப் புகுந்தனர், ஒலிபெருக்கியில் அறிவித்தனர், சங்கை ஊதினர். ஏறத்தாழ 3,600 மக்கள் உயிர் பிழைத்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன, ஆள் அழியவில்லை.

வேற்றூரில் வாழும் நமக்கு இந்நிகழ்ச்சியில் தனியானதொரு பொருள் இருக்கிறது. ஆயிரம் கல்லுக்கப்பால் கூலிக்கும் சம்பளத்துக்கும் சென்றவன் ஊருக்குப் பணம் அனுப்புவான், பொங்கலுக்கு வருவான், அதற்கு மேல் ஊருக்கு அவனால் ஆவது என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அன்று அரசும் அறிவியலும் நீட்ட முடியாத கயிற்றின் கடைசி முழத்தைப் பிழைப்புக்காகச் சென்ற ஒரு பிள்ளையின் தொலைபேசி நீட்டிற்று. அக்கயிறு பற்றிக்கொள்ள ஊரில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதன் குரலை நம்பும் பழக்கமும் இருந்தது. பழக்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாள்தோறும் அலை உயரம் சொன்ன குரல் ஆதலாலன்றோ அன்று ஓடு என்றதும் ஓடினர்.

நம்பிக்கை கெட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே வாரத்தில் கண்டோம். திசம்பர் 30ஆம் நாள், மீண்டும் ஒரு பேரலை வரக்கூடும் என்று மைய அரசின் உள்துறை எச்சரித்தது. அயல்நாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி எழுந்த எச்சரிக்கை அது. கரையோரம் முழுவதும் அலறியடித்து ஓடிற்று. பிணம் எடுத்துக்கொண்டிருந்தவர்களும், உணவு வழங்கிக்கொண்டிருந்தவர்களும், பெற்றோரைத் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் ஓடினர். அலை வரவில்லை. அக்கணிப்புக்கு அறிவியல் அடிப்படை இல்லையென்று அரசே பின்னர் மறுத்தது. நான்கு நாள் முன்பு சொல்ல வேண்டியதைச் சொல்லாத அதே வாய், சொல்ல வேண்டாததைச் சொல்லிற்று என்று அக்காலத்தில் பலர் கசந்தனர். அவர்களைக் குறை கூற முடியாது.

பின்னர் நாடு விழித்துக்கொண்டது. 2005 திசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறிற்று. 2007 அக்டோபர் 15 முதல் ஐதராபாத்தில், இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில், ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. நிலநடுக்க அளவிகள், கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள், அவற்றோடு இணைந்த மிதவைகள், கரையோர அலையேற்ற அளவிகள் ஆகிய யாவும் அங்கே செய்தி அனுப்புகின்றன. நிலம் நடுங்கிய பத்து நிமிடத்தில் முதல் அறிக்கை வரும் என்பது நோக்கம். ஆசுதிரேலியா, இந்தோனேசியா ஆகியவற்றோடு சேர்ந்து, இந்துமாக்கடல் நாடுகள் பலவற்றுக்கும் எச்சரிக்கை வழங்கும் பொறுப்பு 2011 முதல் அதற்கு உண்டு. யாருக்குச் சொல்வது என்று முகவரி தேடிய காலம் போயிற்று.

2012 ஏப்பிரல் 11ஆம் நாள் பிற்பகல் 2 மணி 8 நிமிடத்தில் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவு நடுக்கம் நேர்ந்தது. ஐதராபாத்து நிலையம் சில நிமிடங்களிலேயே அறிக்கை விடுத்தது. சென்னையில் அலுவலகங்கள் காலியாயின. காவலர் கடற்கரையை வெறுமையாக்கினர். கரையோர மாவட்டங்களில் மக்கள் மேட்டுக்குச் சென்றனர். நிலத்தட்டுகள் அன்று மேலெழாமல் பக்கவாட்டில் உராய்ந்தமையால் பேரலை பிறக்கவில்லை. மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. அன்று மாலை ஔந்திலும் பலர் ஊருக்குப் பேச முயன்று, 'இணைப்புகள் அனைத்தும் உபயோகத்தில் உள்ளன' என்னும் குரலையே கேட்டுக்கொண்டிருந்தோம். வீண் எச்சரிக்கை என்று சிலர் முணுமுணுத்தனர். எட்டு ஆண்டுக்கு முன் அந்த வீண் எச்சரிக்கை கிடைத்திருந்தால் அதற்கு எவ்வளவு விலை கொடுத்திருப்போம் என்று நாகைக்காரர் ஒருவரைக் கேட்டால் தெரியும்.

கருவியால் மட்டும் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் கொள்ளற்க. 2018 செப்டம்பர் 28இல் இந்தோனேசியாவின் பாலு நகரில் நடுக்கம் நேர்ந்த சில நிமிடங்களிலேயே அலை புகுந்துவிட்டது. அறிக்கை வெளியாயிற்று, ஆனால் நடுக்கத்தால் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரங்களும் வீழ்ந்திருந்தமையால் அது கரையை எட்டவில்லை. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழ்வோர் நிலையும் இத்தகையதே. அவர்களுக்கு இரண்டரை மணி நேரம் கிடையாது. நிலம் ஆடுவதே சங்கு. ஒங்கிகளும் ஜாரவாக்களும் 2004இல் அச்சங்கைக் கேட்டுக் காட்டுக்குள் மேட்டுக்குச் சென்று பிழைத்தனர் என்பர். கலிங்க நாட்டினர் இதில் முந்திக்கொண்டனர். ஒடிசாவின் வெங்கடராய்ப்பூர், நோலியாசாகி என்னும் இரு கரையோர ஊர்கள், ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பால் 2020இல் 'ஆழிப்பேரலைக்கு ஆயத்தமான ஊர்' என்று ஏற்கப்பெற்றன. எந்த வழியே ஓடுவது, எந்தக் கட்டடத்தில் ஏறுவது, முதியோரை யார் தூக்குவது என்பவற்றை ஊராரே வரைந்து பழகியமைக்குக் கிடைத்த சிறப்பு அது. அதன் பின் அம்மாநிலத்தில் மேலும் பல ஊர்கள் அப்பட்டியலில் சேர்ந்தன.

புணேக்கே திரும்பி ஒரு வார்த்தை. 2024 சூலை 25ஆம் நாள் கடக்வாஸ்லாவிலிருந்து பெருநீர் திறந்துவிடப்பட்டபோது, சிங்ககட் சாலையை ஒட்டிய ஏக்தா நகர்ப் பகுதியில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. உரிய காலத்தில் எங்களுக்குச் சொல்லவில்லை என்று குடியிருந்தோர் முறையிட்டனர். பான்ஷேத்துக்கு அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, கைதோறும் தொலைபேசி உள்ள காலத்தில், அதே ஆற்றங்கரையில் எழுந்த முறையீடு இது.

வரும் விடுமுறையில் கடற்கரை ஊர்களுக்குச் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளிடம் சொல்லி வைக்கத்தக்கவை சில. நின்று பேச முடியாத அளவு நிலம் நெடுநேரம் ஆடினாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலும், விமானம் போல் இரைந்தாலும் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு அல்லது உறுதியான கட்டடத்தின் மேல் மாடிக்குச் செல்ல வேண்டும். முதல் அலையே பெரியது என்பதில்லை; ஈலோவில் நடந்ததுபோல் பின் வருவதே பேரலையாகலாம். அறிவிப்பு விலக்கப்படும் வரை பொருளைத் தேடிக் கீழே இறங்குதல் ஆகாது. தாய்லாந்துக் கரையில் 2004இல் ஒரு பத்து வயது ஆங்கிலச் சிறுமி, இரு வாரம் முன்பு பள்ளியில் கற்ற பாடத்தை நினைந்து கடலில் நுரை பொங்குவதைக் கண்டு கூவியதால் ஒரு கடற்கரை முழுவதும் பிழைத்தது.

நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் 'சொந்த ஊர்' என்றொரு கட்டம் இருக்கிறது. தரங்கம்பாடி, பரங்கிப்பேட்டை, குளச்சல், தூத்துக்குடி என்று அதில் எழுதியிருப்போர் சிலர் உளர். அக்கட்டத்துக்கு அருகில் இன்னொரு கட்டம் சேர்க்கலாம் என்பது என் வேண்டுகோள். வீட்டுத் தொலைபேசி எண்ணன்று; ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகம், கோயிலோ மாதா கோயிலோ பள்ளிவாசலோ, எங்கே ஒலிபெருக்கி இருக்கிறதோ அங்கே அதைத் தொடும் உரிமை உடையவரின் எண். அடுத்த செயற்குழுவில் இதனை முன்வைக்கச் செயலாளர் இசைந்திருக்கிறார்.